‘போல’ இல்லாத கதை

மார்ச் 4

கூடப்பிறக்காத தங்கைக்கு,

நலமா? சண்டை ஓய்ந்து அங்கே தபால் போகிறது என்றதும் முதல் கடிதம் உனக்குத்தான். நம் பத்திரிகையில் எழுதியவர்களின் புதுக் கதைகளைத் தொகுத்து இங்கே புத்தகம் போடுகிறேன். நீ இல்லாமலா?

அச்சகத்து மாடியறை ஞாபகம் இருக்கிறதா? கொடியில் காயும் புரூஃப் தாள்களுக்கு நடுவே குனிந்து குனிந்து நடப்போம். நீ ஒரு மழையை ஒன்றரைப் பக்கத்துக்குப் பெய்ய வைப்பாய். அச்சுக் கோர்க்கும் கம்பாசிட்டர் மூச்சிரைக்கப் படியேறி வந்து, “அம்மா தாயே, ஒரு முற்றுப்புள்ளி வைக்கக் கூடாதா? என் பெட்டியில கமாவே தீர்ந்துபோச்சு” என்று கும்பிடுவார். கடைசியில் அந்த மனுஷனையே கட்டிக்கொண்டாய்! மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்?

பழைய மாதிரியே நீளமாக, இனிக்க இனிக்க ஒரு கதை அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் மை வாசனையே வந்துவிட்டது. அந்த மாடியறைக்கு இப்போது கூரை இல்லை.

இத்துடன் கதை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். இங்கே எல்லோருமே இப்போது இப்படித்தான் எழுதுகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை

மே 2

அன்புத் தங்கைக்கு,

கதை கிடைத்தது. மனைவி தண்ணீர் பிடிக்கக் கிளம்புகிறாள். கணவன் வாளியை வாங்கிக்கொண்டு போகிறான். குண்டு விழுகிறது. அவன் வரவில்லை. அவ்வளவுதானா? தந்தி கொடுக்கிறாயா, கதை சொல்கிறாயா?

கோபித்துக்கொள்ளாதே, கொஞ்சம் கை வைத்தேன். ‘குண்டு விழுந்தது’ என்பதை ‘வானமே இடிந்து சரிந்தது போல’ என்று மாற்றினேன். அவன் வாசலில் நின்று அவளை நெடுநேரம் திரும்பிப் பார்ப்பதாக ஒரு காட்சி சேர்த்தேன். எனக்கே கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு. என்ன சொல்கிறார் என்று எழுது.

அண்ணன்

ஜூன் 9

அண்ணா,

நீங்கள் சேர்த்ததைப் படித்தேன். அழகாக இருக்கிறது. நான்தான் எழுதினேன் என்றால் பழைய வாசகர்கள் நம்புவார்கள்.

ஆனால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் அவசரமாகப் போனார். “கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்க” என்றார். நான் அடுப்பைப் பார்த்தபடியே “சரி” என்றேன். அதுதான் நடந்தது. நீங்கள் முதலில் விசாரித்தபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். கடிதத்தில் எழுத வரவில்லை. கதையில்தான் முடிந்தது.

முன்பெல்லாம் சொல்லாமல் விருந்தாளி வந்தால்கூட ‘குண்டு விழுந்தது போல’ என்று எழுதுவோம். விழுந்ததைப் பார்த்த பிறகு அதை எதைப் போல என்று சொல்வது? எங்கள் எழுத்திலிருந்து ‘போல’ என்ற சொல்லே போய்விட்டது. அந்த நீள வாக்கியங்கள் மேல் எனக்கும் ஆசை இருக்கிறது, அண்ணா. சில சாயங்காலம் உட்கார்ந்து பார்க்கிறேன். பாதி வாக்கியத்தில் தண்ணீர் லாரி வந்துவிடும். எழுந்து ஓடுவேன். திரும்பி வந்து பார்த்தால் எழுதியதே போதும் என்று தோன்றும்.

என் கதை நான் எழுதியபடி வரட்டும். இல்லாவிட்டால் வேண்டாம்.

தங்கை

ஜூலை 1

தங்கச்சி,

பக்கம் பக்கமாக எழுதினேன். எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன்.

உன் கதை நீ எழுதியபடியே அச்சாகிறது. நேற்று புரூஃப் பார்த்தேன். கடைசி வரிக்கு வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அடுத்த மாதம் அங்கே வருகிறேன். மாப்பிள்ளை இருக்கும் இடத்துக்கு என்னைக் கூட்டிப் போ.

அண்ணன்