பங்குத்தந்தையால் வந்த கரைச்சல்

ரொறன்ரோ, 14.11.1996

அன்புள்ள அம்மா,

இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள், அப்பாவுக்கும்கூட. நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

ஓர் இங்கிலாந்துக் கிராமத்துத் தேவாலயத்தின் வரலாற்றைச் சொந்த வசனத்தில் எழுதச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். புத்தகத்தைத் தமிழாக்கி, அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினேன். பங்குத்தந்தை ‘ஷெயர் ஃபாதர்’ ஆகிவிட்டார்! உங்கள் ஊரிலும் அப்படி ஒருவரா என்று ரீச்சர் கேட்டா.

“ஓம், வீட்டுக்கு வருவார், அம்மா தேத்தண்ணி குடுப்பா” என்றேன். உடனே யூஜினி அன்ரி வீட்டுப் போன் நம்பரை எழுதிக்கொண்டா.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு முறைப்பாடு வந்தாலும் உன்னை மொன்றியலுக்கு அனுப்பிவிடுவேன் என்று அன்ரி முன்பே சொல்லியிருக்கிறா. ஃபாதரிடம் ஆங்கிலத்தில் விளக்கக் கடிதம் வாங்கி அனுப்புங்கள். உங்கள் பழைய சேலை ஒன்றும் வேண்டும், தலையணைக்கு.

அன்ரி கதவைத் தட்டுகிறா.

“எடி டிலானி, உன்ர ரீச்சர் போனில நிக்கிறா. ஆரடி உனக்கு ரெண்டாவது அப்பன்?”