மைத்ரேயி பேரில் ஏறிய வேலை

லைப்சிக்,
12 ஜனவரி 2025

அன்புள்ள பவா,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். “அதை எழுதியது நான் இல்லை, பவதாரிணி.” ஐந்து சொற்கள்தான்.

போன ஜூலையில் ஒத்தக்கடை ஆபீஸின் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தோம். இந்தக் கம்பெனியின் ஹைக்கே இங்கிருந்து திரையில் பேசிக்கொண்டிருந்தார். கிராம நர்ஸ்களுக்காக நாம் செய்த புரோகிராமில், டவர் இல்லாத இடத்தில் பதிந்த விவரம் ஒன்றுகூட அழியாமல் வந்து சேரும் பகுதியை மட்டும் தனியாகப் பாராட்டினார். நான் நன்றி சொன்னேன். நீ கேமராவில் விழாதபடி என் வலது பக்கம் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாய். எழுதிய கோடிங்கை ஏற்ற இரண்டு பேருக்கும் சேர்த்து என் பேரில் ஒரே கணக்குத்தான் வாங்கித் தந்திருந்தார் நம் முதலாளி குருபிரசாத் சார். அதனால் எல்லாம் என் பேரில் ஏறியிருந்தது. அந்தப் பேரைப் பார்த்துத்தான் என்னை இங்கே வேலைக்கு எடுத்தார்கள்.

போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். மெயிலில் எழுதவும் மனம் வரவில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

இங்கே சுரங்கப் பாதையில்கூட டவர் இருக்கிறது, பவா. டவர் போகும் என்றே அறியாதவர்களுக்கு, போனபின் என்ன ஆகும் என்று யோசிக்கத் தோன்றாது. மேலூரைத் தாண்டி உள்ளே இருக்கும் உன் ஊரில் வளர்ந்ததால்தான் உனக்குத் தோன்றியது. ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் இது எனக்கு உறைக்கிறது.

இன்னொரு விஷயம். மார்ச் பதினொன்றாம் தேதி எல்லோர் முன்னாலும் நான் அந்தப் பகுதியை விளக்க வேண்டும். ஒரு இடம் எனக்குப் புரியவே இல்லை. சார்ஜ் இறங்கினால் நர்ஸ்களின் டேப்லெட்டில் தேதி தாறுமாறாக மாறிவிடும் அல்லவா? பிறகு எது முந்திப் பதிந்தது, எது பிந்தியது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய்? நாலு வரி எழுதி அனுப்பு. ஆறு மாதம் முடியும்வரை என் வேலை நிரந்தரம் இல்லை. வேலை போனால் விசாவும் போய்விடும். ஆனையூரில் அப்பா பால்காரர்வரைக்கும் ஜெர்மனி என்று சொல்லி வைத்திருக்கிறார்.

உன்
மைத்தி


ஒத்தக்கடை,
3 பிப்ரவரி 2025

மைத்ரேயிக்கு,

கடிதம் கிடைத்தது. முதல் பக்கத்தில் மன்னிப்பு, இரண்டாம் பக்கத்தில் வேலை. பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்படியே தொழுவத்தையும் கூட்டிவிட்டுப் போ என்றது போல இருக்கிறது.

அம்மாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மலையம்மாளை உனக்குத் தெரியும். நூறு நாள் வேலையில் வருகைப் பதிவில் தன் பேர் விட்டுப்போனால், அந்த இடத்திலேயே மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிற்பாள். முழுக்கக் கேட்டுவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். “அவ சொல்லல, சரி. ஒனக்கு வாய் எங்கடி போச்சு?”

உண்மை என்னவென்றால், என் இங்கிலீஷை நினைத்து எனக்கு வெட்கம். நீ பேசினால் போதும் என்று நானேதான் நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். அந்தப் பங்கு என்னுடையது. அதை உன் தலையில் கட்ட மாட்டேன்.

ஆனால் நாலு வரியும் அனுப்ப மாட்டேன்.

அந்தப் பகுதிக்காக எட்டு மாதம் நர்ஸ் முருகம்மாள் அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனேன். முதல் தடவை புரோகிராம் பழைய பதிவை அழித்துவிட்டது. ஒரு கர்ப்பிணியின் ரத்த அழுத்தக் கணக்கு காணாமல் போனது. “ஏம்மா, நான் எம்புட்டு எழுதுனாலும் ஒன் மிசினு தின்னுட்டுல்ல போயிருது” என்று நடுரோட்டில் வண்டியை நிறுத்தித் திட்டினார். அந்தத் திட்டை வாங்கியது நான். எதையும் அழிக்காதே, இரண்டையும் வைத்துக்கொண்டு நர்ஸிடமே கேள் என்று மாற்றியதும் நான்தான். நான் படித்த படிப்புக்கு இதுவரை செய்த நல்ல வேலை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

அதனால் மார்ச் பதினொன்றாம் தேதி நானே விளக்குகிறேன். என்னைக் கூப்பிடச் சொல். ஏன் என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

உன் வேலை போகலாம். தெரிந்துதான் எழுதுகிறேன். போனால் எனக்குச் சந்தோஷம் இருக்காது.

பவதாரிணி


லைப்சிக்,
21 பிப்ரவரி 2025

பவா,

உன் கடிதத்தை மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். முதல் நாள் உன்மேல் கோபம் வந்தது. இரண்டாம் நாள், அந்தக் கேள்விக்கு விடையை நானே கண்டுபிடித்துவிட்டால் உன்னிடம் கேட்டதே இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை உன் கோடிங்கைப் படித்தேன். விடை கிடைக்கவில்லை. ஆனால் படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. ஒரு வரிகூட என் கை எழுதியது போல இல்லை. இத்தனை நாள் இதை யாரும் கவனிக்காதது ஆச்சரியம்.

நேற்று ஹைக்கேயிடம் சொல்லிவிட்டேன். எழுதி வைத்துக்கொண்டு போனதை மறந்துவிட்டேன். அந்த ஐந்து சொற்கள்தான் வந்தன. அவர் கத்தவில்லை. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பாராட்டு நன்றாக இருந்தது என்றேன். வேறு காரணம் சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

அந்தப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார். வேலையில் வைத்துக்கொள்வதா என்று அடுத்த மாதம் சொல்வாராம். உன் மெயில் முகவரியை வாங்கிக்கொண்டார். பதினொன்றாம் தேதிக் கூட்டத்தில் நான் இருக்க மாட்டேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நல்லாப் பேசு, பவா. மெதுவாகப் பேசினாலே போதும். இங்கே பலருக்கும் இங்கிலீஷ் இரண்டாவது மொழிதான்.

மைத்தி


ஒத்தக்கடை,
24 ஏப்ரல் 2025

அன்புள்ள மைத்தி,

பதில் எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்குக் கோபம் காரணம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மார்ச் பதினொன்றாம் தேதி முக்கால் மணி நேரம் பேசினேன். முதல் ஐந்து நிமிடம் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தே படித்தேன். அப்புறம் நீ கேட்ட அதே கேள்வியை ஒருவர் கேட்டார். முருகம்மாள் அக்காவின் பழைய நோட்டைத் திரைக்கு முன்னால் பிடித்தேன். அக்காவுக்குத் தேதி நினைவிருக்காது, ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் வரிசை எண் போடுவார். எண் தப்பவே தப்பாது. ஒவ்வொரு டேப்லெட்டையும் அக்கா மாதிரி வரிசை எண் போடச் சொன்னேன், கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று வைத்தேன். அவ்வளவுதான் விஷயம். அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. அதற்குப் பிறகு என் இங்கிலீஷ் எங்கே உடைந்தது, எங்கே நிமிர்ந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

கடைசியில் ஹைக்கே உன்னைப் பற்றிக் கேட்டார். நர்ஸ்கள் பார்க்கும் திரை, தமிழில் வரும் கேள்விகள் எல்லாம் நீ செய்தவை, அவற்றில் உன் பேர் இருப்பது சரிதான் என்றேன். தயவுக்குச் சொல்லவில்லை. உண்மை அதுதான்.

அடுத்த வாரமே என்னை லைப்சிக்குக்கு வேலைக்குக் கூப்பிட்டார்கள். நீ போன நாளிலிருந்து, விமானம் ஏறியவள் ஜெயித்தவள், நான் பின்தங்கியவள் என்று ஒரு எண்ணம் எனக்கு இருந்தது. கூப்பிட்டதும் அது போய்விட்டது. போக முடியும் என்று தெரிந்தபின் போகாமல் இருப்பது வேறு மாதிரி இருக்கிறது. இங்கிருந்தே செய்கிறேன் என்றேன். முருகம்மாள் அக்கா திட்டுவது அங்கே கேட்காது என்றும் சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள். குருபிரசாத் சார்தான், ரெண்டு பேரையும் அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க, நாற்காலிய மட்டும் விட்டுட்டாங்க என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அம்மா நான் வேலையில் சேர்ந்த கடிதத்தை வாங்கி, தலைகீழாகவும் நேராகவும் பார்த்து, என் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தாள்.

பதினாறாம் தேதி சேர்ந்தேன். அந்தப் பகுதிக்கு இனி நான் பொறுப்பு. உன்னை வேலையில் வைத்துக்கொண்டதை ஹைக்கே சொன்னார். நீ எழுதுவதை நான் பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டுமாம். நேற்று நீ அனுப்பியதைப் பார்த்தேன். மூன்று இடத்தில் தப்பு. குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பவதாரிணி