மாலை போட்ட படத்தின் கீழே ஒரு சலுகை

இன்று காலை தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்ததும் போனில் உன் படம் வந்து விழுந்தது. உன் தங்கை கல்யாணத்தில் சிரித்தபடி நின்றாயே, அந்தப் படம். அதற்கு மாலை போட்டு, பக்கத்தில் விளக்கு வைத்து, கீழே நீ விற்ற சத்துப் பவுடர் டப்பாவை நிறுத்தியிருந்தார்கள். ‘அவர் கண்ட கனவை நாம் நிறைவேற்றுவோம். இந்த மாதம் மட்டும் சிறப்புச் சலுகை.’ அனுப்பியவர் உன் லீடர் சார்தான். உன்னை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டு, நீ விற்ற ஒவ்வொரு டப்பாவிலும் தன் பங்கை வாங்கிக்கொண்ட அதே மனிதர். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தேன். படத்தை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். கும்பிடும் கை ஒன்றை அனுப்பிவிட்டு, அடுத்ததாக விலைப்பட்டியலைப் போட்டார்.

நீ கண்ட கனவு எனக்குத் தெரியாதா? ஆரணியில் சொந்தமாக ஒரு மாடி வீடு, மேலே காற்று வரும்படி ஓர் அறை, அதில் மத்தியானம் யாரும் எழுப்பாத தூக்கம். பவுடர் டப்பா அதில் எங்குமே வரவில்லை.

நெசவாளர்கள் இருக்கும் முள்ளிப்பட்டுக்கு நாம் போனதெல்லாம் அமாவாசையில்தான். அன்றைக்குத்தான் தறி ஓடாது. மற்ற நாளில் போனால் தறியில் இருப்பவள் பாதியில் எழுந்து வரவேண்டும், இல்லை உன்னை அனுப்பி வைப்பதற்காகவே எதையாவது வாங்கித் தொலைக்க வேண்டும். இரண்டும் உனக்குப் பிடிக்காது. ரவிக்கைக்கு அளவெடுக்க நானும் உன் ஸ்கூட்டியில் தொற்றிக்கொள்வேன். இன்ன கம்பெனிப் பொருளை விற்க வந்திருக்கிறேன், உள்ளே வரலாமா என்று வாசலிலேயே கேட்பாய். வேண்டாம் என்றால் அப்படியே திரும்பிவிடுவாய். தயங்குகிறவளிடம் வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்பாய். பிடிக்கவில்லை என்று டப்பாவைத் திருப்பித் தந்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வாய். இதில் சேர்ந்தால் கார் வாங்கலாம் என்று நீ யாரிடமும் சொன்னதில்லை. உன் ஸ்கூட்டியே பாதி நாள் உதைத்தால்தான் கிளம்பும். இப்படி விற்றால் என்றைக்கடி தேறுவாய் என்று நான் கேலி செய்வேன்.

சர்க்கரைக்கு இது கேட்குமா என்று யாராவது கேட்டால் மட்டும் உன் குரல் கடுமையாகிவிடும். முள்ளிப்பட்டில் தறி நெய்கிற சரோஜா அக்கா கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

“இது சத்துமாவு மாதிரிக்கா. மருந்து இல்ல. இத்த நம்பி மாத்திரைய நிறுத்தினீங்கன்னா நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்றாய்.

உன் காரியத்தன்று லீடர் சார் வெள்ளைச் சட்டையில் வந்தார், தோளில் பெரிய பையோடு. துக்க வீட்டுக்குப் பை எதற்கு என்று அப்போதே எனக்கு நெருடியது. பந்திக்குக் காத்திருந்த முள்ளிப்பட்டுப் பெண்களை ஓர் ஓரமாக உட்கார வைத்தார். உன் படத்துக்குப் போட்ட பூகூட இன்னும் வாடவில்லை. உன் அம்மா உள்ளே அழுதுகொண்டிருந்தார்.

“ஊருக்கெல்லாம் குடுத்தாங்க. அவங்க மட்டும் ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இன்னிக்கு நம்ம கூட இருந்திருப்பாங்க” என்றார் லீடர் சார்.

புற்றுநோயில் போனவளைப் பற்றி, அவள் வீட்டு முற்றத்திலேயே. பிறகு சர்க்கரைக்கும் இதுதான், பிரஷருக்கும் இதுதான் என்று பையைத் திறந்தார். நான் எழுந்துவிட்டேன். உன் வீட்டுக்காரர் வந்து, காரிய வீட்டில் பேஜார் வேண்டாம்மா என்று கெஞ்சினார். அழுது வீங்கியிருந்த அந்த முகத்துக்காகத்தான் உட்கார்ந்தேன். பிணத்தின் மேல் கடை விரிக்கிறவர்களை வேறு எந்த வார்த்தையால் திட்டுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

சில அமாவாசைகள் கழித்து, தைத்த ரவிக்கையைக் கொடுக்க சரோஜா அக்கா வீட்டுக்குப் போனேன். வலது காலை முக்காலியில் தூக்கி வைத்திருந்தார். கட்டைவிரலில் பழந்துணிக் கட்டு. கிட்டே போனபோதே வாடை அடித்தது. மாத்திரையை நிறுத்திவிட்டாராம், பவுடர் மட்டும்தானாம். லீடர் சார் வீட்டுக்கே வந்து அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தறியில் மிதியை மிதிக்கிற கால் அது. அந்தக் கால் போனால் வீட்டில் இருக்கும் ஒரே தறியும் நின்றுபோகும். அந்த ஆளை எப்படி நம்பினீர்கள் என்று கத்திவிட்டேன்.

“அவர யாரும்மா நம்பினது? உன் சிநேகிதியோட ஆளுன்னு சொல்லிகினு வந்தாரு. அவங்க பொய்யே சொன்னதில்லியே” என்றார்.

எத்தனை வாசல்களில் எத்தனை விற்பனையை விட்டுவிட்டு நீ சேர்த்த பெயர் அது. அதைத்தான் அந்த ஆள் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறான். இனி அவனுக்கு ‘ர்’ போட என் கை வரவில்லை.

ஆட்டோ பிடித்து ஆரணி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் திட்டிக்கொண்டே புண்ணைச் சுத்தம் செய்தார். மாத்திரையை விடாமல் போட்டால் கால் தப்பும், விரலைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்றார். திரும்பும்போது ஆட்டோவில் சரோஜா அக்கா மெதுவாகக் கேட்டார்.

“அவங்க மட்டும் ஒழுங்கா சாப்பிட்டிருந்தா பொழச்சிருப்பாங்களாம்மா?”

“தினமும் சாப்பிட்டாக்கா. சொந்தக் காசுல வாங்கி, பால்ல கலக்கி, ரெண்டு வேளையும். கடைசில அவளால டம்ளர் புடிக்க முடியல. நான்தான் ஸ்பூன்ல ஊட்டினேன்.”

அவர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். வீடு வந்ததும் டப்பாவை எடுத்துவந்து என் கையில் வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டு வரச் சொல்லி மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு தைக்கத் துணி இல்லாவிட்டாலும் அமாவாசைக்கு அமாவாசை முள்ளிப்பட்டுக்குப் போகிறேன். எதையும் விற்க வரவில்லை என்று சொல்லிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்கிறேன். மாத்திரை போடுகிறீர்களா என்று விசாரிக்கிறேன். பிறகு உனக்கு ஊட்டிய கதையைச் சொல்கிறேன். உன் கடைசி நாட்களை இப்படித் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் உன் பெயரை அவன் பையில் விட்டுவைக்க மனம் வரவில்லை.