குறுக்கே பேசக் கூடாது

ஜூன் 3
இன்றும் அவர் கூப்பிடவில்லை.

ஜூன் 5
தினமும் மாலை ஏழு மணிக்குப் பாப்பா சாப்பாட்டு மேஜையில் ஃபோனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அரை மணி நேரம். அவள் அப்பா வீடியோவில் கூப்பிடுவார். நான் பக்கத்தில் இருக்கக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. விவாகரத்தானபோது கோர்ட் போட்ட உத்தரவு.

போன வருடம் அவளுக்குக் காய்ச்சல் கொதித்த ஒரு நாள் ஃபோனை அணைத்து வைத்தேன். உத்தரவை மீறிவிட்டேன் என்று உடனே மனு போட்டுவிட்டார். இன்னொரு தடவை நடந்தால் குழந்தை யாரிடம் வளர்வது என்பதையே யோசிக்க வேண்டியிருக்கும் என்றார் நீதிபதி. அன்றிலிருந்து ஆறே முக்காலுக்கே அவளை உட்கார வைத்துவிடுகிறேன்.

அப்படி மல்லுக்கு நின்ற மனிதர் மழைக்காலம் முடிந்ததிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை. வக்கீலம்மாவிடம் கேட்டேன். "அவர் கூப்பிடலன்னா அது அவர் பாடு. நீங்க உக்கார வைக்கலன்னா உங்க தலையிலதான் விடியும்" என்றார். சாட்சிக்குத் தினமும் ஒரு படம் எடுத்து வைக்கச் சொன்னார். தலை வாரி, ரிப்பன் கட்டி, கறுத்த திரையைப் பார்த்தபடி என் பெண். எல்லாப் படமும் ஒரே படம்.

ஜூன் 9
அண்ணன் வந்திருந்தான். "என்ன, ஆவியக் கூப்பிடுறீங்களா?" என்று கிண்டலடித்தான். நானும் சிரித்து வைத்தேன். சிரிக்கிற விஷயமா இது?

ஜூன் 13
பாப்பா பேசுகிறாள்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அவள் குரல் கேட்டதும், அவர் கூப்பிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். எட்டிப் பார்த்தால் திரையில் ஒன்றுமே இல்லை. கணக்கு டீச்சர் திட்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்துகிறாள், தலையாட்டுகிறாள், "ம்" என்கிறாள் — யாருக்கு ம்?

ஜூன் 14
இன்றும்.

ஜூன் 20
உத்தரவை மாற்றச் சொல்லி மனு போட்டாயிற்று. பொம்மையிடம் பேசாத குழந்தையா என்று வக்கீலம்மா தேற்றினார். பொம்மைக்கு முகமாவது இருக்கிறதே.

பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் வரவே பயமாக இருக்கிறது. அந்த ஆள் ஆளே இல்லாமல் என் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். சேர்ந்து வாழ்ந்த காலத்தில்கூட இவ்வளவு நேரம் வீடு தங்கியதில்லை.

ஜூலை 18
ஜெயித்துவிட்டேன். அவர் வரவில்லை, அவருடைய வக்கீல் மட்டும் வந்தார். வேலை நேரம் ஒத்துவரவில்லையாம். இனி முந்தின நாளே தகவல் வந்தால்தான் பாப்பா உட்கார வேண்டும். கோர்ட் வாசற்படி தாண்டியதும் அழுகை வந்தது. பீடை ஒழிந்தது.

ஜூலை 19
ஏழு மணிக்குத் தலை வாரிக்கொண்டு வந்து நின்றாள். இனிமேல் வேண்டாம் கண்ணே என்றேன். போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 24
வீட்டில் சத்தமே இல்லை. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். சிநேகிதியோடு சண்டை என்று ஆரம்பித்தாள். நீ என்ன செய்தாய் முதலில் அதைச் சொல் என்றேன். வாயை மூடிக்கொண்டாள். இப்போது எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல".

ஜூலை 27
கேட்டேவிட்டேன். அப்பா ஃபோனில் இல்லை என்று உனக்குத் தெரியாதா பாப்பா?

"தெரியுமே" என்றாள், இதுகூடப் புரியவில்லையா என்கிற மாதிரி.

பிறகு யாரிடம் பேசினாய்?

"உங்கிட்டதான். நீ கதவுக்குப் பின்னாடி நிப்பியே. அங்க நின்னா நீ நடுவுல பேச மாட்ட."

அப்படியானால் இந்த வீட்டுக்குள் இருந்த ஆவி நானா?

ஜூலை 28
ஏழு மணிக்கு ஃபோனை அணைத்து மேஜைமேல் வைத்தேன். பாப்பா வந்து உட்கார்ந்தாள். கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.