இரண்டாம் கியரில் ஒரு கோடு

என் ரஃபீக் மச்சானுக்கு,

நம் ஷெட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். செம்பாக்கத்தில் வெயில் ஏறிவிட்டது, தகரக் கூரை இப்போதே காய்கிறது. உன்னை அடக்கம் செய்த அன்று அவ்வளவு மழை. அதற்குள் கோடை வந்துவிட்டது. நடுவில் இருந்த மாதங்கள் எங்கே போயின?

ஷெட்டை மூடவில்லை. காலையில் திறக்கிறேன், வேலை பார்க்கிறேன், பூட்டிவிட்டுப் போகிறேன். எதிர்க் கடைக்காரர் அடிக்கடி கேட்கிறார், "கூட ஒரு ஆளப் போட்டுக்கக் கூடாதா துரை?" என்று. பார்க்கலாம் என்கிறேன். நீ உட்காரும் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஸ்பேனரை நீட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்குக் கல்யாணம், குடும்பம் என்று எதுவும் அமையவில்லை என்பது உனக்குத் தெரியாததா? இங்கே ஒரு வார்த்தை பேசாமல் வேலை முடித்து, வீட்டுக்குப் போய் அங்கேயும் பேசாமல் படுத்துக்கொண்ட நாட்கள் நிறைய.

குமாரை நினைவிருக்கிறதா? பழைய டிராக்டரில் தண்ணீர் டேங்கர் இழுப்பவன். நீ அவன் வண்டியை 'கிழவி' என்று கூப்பிட்டுக் கோபப்படுத்துவாயே, அவனேதான். கிழவியைப் போன வாரம் கொண்டுவந்து விட்டான். ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதாம். கியர்பாக்ஸைத் திறந்தேன். வடித்த எண்ணெயில் வெள்ளிப் பொடி மாதிரி இரும்புத் தூள் மின்னியது.

கியர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கின் மேல் வரிசையாக வைத்தேன். நழுவுவதற்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. நகர்ந்து போய் மாட்டிக்கொள்கிற சின்னக் கியரின் பல் முனைகள் தேய்ந்து உருண்டையாகிவிட்டன. பிடிப்பே இல்லை. அதை மாற்றிவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆனால் அதோடு சேர்ந்து சுழலும் பெரிய கியரில் ஒரு பல்லின் அடியில் முடி போல ஏதோ தெரிந்தது. விரிசலா, வெறும் கீறலா? வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் இருக்கிறது, இன்னொரு பக்கம் திருப்பினால் இல்லை. குமார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாண்ணா, பல்லு எல்லாம் நல்லாத்தானே கீது. சின்னத மட்டும் மாத்திட்டு மூடுண்ணா. தண்ணி லோடு அப்டியே நிக்குது."

கியரைத் தூக்கி இடது பக்கம் நீட்டி, "மச்சான், இத கொஞ்சம் பாரு" என்றேன்.

உனக்குத் தெரியும், நான் பார்த்ததை நீ ஒரு தடவை பார்க்காமல் நாம் எந்தக் கியர் பெட்டியையும் மூடியதில்லை. நீ பார்த்ததை நானும் அப்படித்தான். கை பழக்கத்தில் போய்விட்டது. அந்தக் கனத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் கை அப்படியே நின்றது. குமார் தலையைக் குனிந்துகொண்டான். "டீ சாப்ட்டு வரேண்ணா" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

அவன் போனதும் போனை எடுத்து உன் பெயரை அழுத்தினேன். ஏன் என்று கேட்காதே. மணி அடிக்கும் என்றே நான் எதிர்பார்க்கவில்லை. அடித்தது. உன் நூர்ஜஹான் எடுத்தாள்.

"அண்ணா?"

"தெரியாம போட்டுட்டேன்மா."

"பரவால்லண்ணா. நானும் தெனம் சார்ஜ் போட்டு வெச்சினுதான் இருக்கேன், அவர யாராச்சும் கேப்பாங்கன்னு. யாருமே கூப்புடல." பிறகு கேட்டாள், "என்ன வேலண்ணா ஓடுது?"

சொன்னேன். என்ன புரிந்ததோ, "நான் வரட்டுமா?" என்றாள். ரெண்டு தெரு தள்ளி வீடு. இத்தனை வருஷத்தில் அவள் ஷெட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை, பார்த்துக்கொள்.

வந்தாள். உன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். நாம் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தோம். கியரை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்து, ஈரம் போகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தடவி வைத்தேன். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து பொடியில் கோடு போடும். அன்று காலையிலேயே, குமார் வருவதற்கு முன், நான் தனியாக இதைச் செய்து பார்த்திருந்தேன். கோடு வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. பெட்டியை மூடிவிட ஆசைப்படுகிறவனுக்கு எல்லாப் பல்லும் நல்ல பல்லாகத்தான் தெரிகிறது.

காத்திருந்தோம். நூர்ஜஹான் டார்ச்சைப் பிடித்தபடியே கேட்டாள்.

"இப்டிதான் ரெண்டு பேரும் பேசாம உக்காந்திருப்பீங்களாண்ணா?"

"பேசாமயா? அவன் வாய் மூடினதே இல்லம்மா."

"வூட்ல பேசவே மாட்டாரே!"

நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். வீட்டில் நீ பேசவே மாட்டாயா மச்சான்? எனக்கு இத்தனை நாள் தெரியாதே. "எதப் பத்திப் பேசுவாரு?" என்று கேட்டாள்.

"உன்னப் பத்திதான். கல்யாணமான புதுசுல தாம்பரம் ஸ்டேஷன் கூட்டத்துல நீ ஒரு செருப்பத் தொலச்சியாமே? இன்னொரு செருப்ப வுட மனசில்லாம கையில புடிச்சினு வூடு வரிக்கும் நடந்தியாமே?"

"அதயா சொன்னாரு?"

"எத்தன தடவ!"

முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது நிற்காமல் போனபோதுதான் புரிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கியரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தேனே தவிர எதுவும் என் கண்ணில் படவில்லை. அவள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள்.

"அண்ணா, இங்க ஈரமா ஒரு கோடு வருது பாருங்க."

பல்லின் அடியில், ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும். சந்தேகமே இல்லை.

குமார் வந்ததும் காட்டினேன். "பேஜாரா போச்சேண்ணா! சீசன் டைம்ல இது எங்க கெடைக்கும்?" என்று தலையில் கை வைத்தான். "ஃபுல் லோடோட மேம்பாலம் ஏறும்போது பல்லு ஒடஞ்சு வண்டி பின்னால வந்துச்சுன்னா, பின்னாடி பைக்ல வர்றவன் இன்னாடா ஆவான்?" என்றேன். பழைய வண்டி உடைக்கும் இடங்களுக்கெல்லாம் அவனே அலைந்து ஒரு கியரைக் கொண்டுவந்து கொடுத்தான். அதற்கும் பொடி தடவினோம், டார்ச் பிடிக்க நூர்ஜஹான் வந்தாள். கோடு வரவில்லை. அதன் பிறகுதான் சின்னதையும் மாற்றிப் பெட்டியை மூடினேன்.

நேற்று குமார் டேங்கரை மாட்டி, இரண்டாம் கியரிலேயே தெருவைச் சுற்றி வந்தான். நழுவவில்லை. சந்தோஷமாகக் கையைக் காட்டிவிட்டுப் போனான். சத்தம் தேய்ந்து அடங்கும் வரைக்கும் வாசலிலேயே நின்றேன். உள்ளே வந்தால் பழையபடி அதே ஷெட், அதே அமைதி. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நானும் நம்பவில்லை.

பெட்டியை மூடிய அன்று கிளம்பும்போது நூர்ஜஹான் வாசலில் நின்று, "வேற என்ன சொல்லியிருக்காருண்ணா, என்னப் பத்தி?" என்று கேட்டாள். நிறைய இருக்கிறது, அடுத்த முறை வரும்போது சொல்கிறேன் என்றேன். நீ இங்கே உட்கார்ந்து சொன்னதெல்லாம் அவளுக்குச் சேரவேண்டியதுதானே? அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மச்சான். ஒன்று விடாமல் அவளிடம் சொல்வேன். ஆனால் ஒரே நாளில் சொல்லி முடிக்கமாட்டேன். ஒவ்வொன்றாகத்தான் சொல்வேன். தீர்ந்துபோனால் உன்னைப் பற்றிப் புதிதாகக் கேட்க அவளுக்கும் எதுவும் இருக்காது, பேச எனக்கும் ஆள் இருக்காது.

அவளுக்கு அண்ணனும்,
உனக்கு என்றும் மச்சானுமான,
துரை