நம்பர் இல்லாத துப்பாக்கி

அன்பு மகள் ஜோலீனுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், அதில் பாதியை நம்பிக்கொள். அந்த ஒகினாவா கப்பற்படை மருத்துவமனையில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எந்நேரமும் நினைப்பு. இங்கே மலைமேல் முதல் பனி விழுந்துவிட்டது, அம்மாவுக்கு வலது முழங்கால் மறுபடி பிடித்துக்கொண்டது, டாக்டரிடம் வா என்றால் கேட்பதில்லை. நாய்க்கும் வயதாகிவிட்டது, படியேற என்னைத் தூக்கச் சொல்கிறது, எனக்கே இன்னொருவன் தூக்கிவிட்டால் தேவலை என்றிருக்கிறது. போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போன் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

வீட்டில் திருட்டுப் போனதையும், திருடனைப் பிடித்துப் பொருள்கள் கிடைத்துவிட்டதையும் அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது முழுக்கதை இல்லை, அவளுக்கே தெரியாது. போன வசந்தத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஹோமர் வந்து, வீட்டுக்கு எடுத்திருக்கும் இன்சூரன்ஸ் இத்தனை துப்பாக்கிகளுக்குப் போதாது, திருட்டு, நெருப்பு, தண்ணீர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தனியாக எடுக்க வேண்டும், ஒவ்வொன்றையும் படம்பிடித்து, அதில் பொறித்திருக்கும் நம்பரோடு எழுதித் தரவேண்டும் என்றார். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. கட்டிலில் போர்வையை விரித்து, பதினோரு துப்பாக்கிகளையும் ஒவ்வொன்றாகக் கிடத்தி, பக்கத்தில் அளவுகோல் வைத்து, கல்யாணப் பெண்ணைப் படமெடுப்பது போல எடுத்தேன். எந்தக் கட்டையில் எந்த இடத்தில் கீறல், எந்தக் குழாயில் எங்கே கறுப்புத் தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அம்மா வாசல்நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எல்லாம் முடித்துக் காகிதத்தை மடிக்கும்போது, "க்ளேயோடதையும் எழுதேன் வெர்ன்" என்றாள்.

உன் அண்ணன் அறையில் அலமாரிக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த அந்தப் பாயின்ட் டூ டூவைத்தான் சொன்னாள். என் அப்பா தபாலில் வரவழைத்த மலிவு ரைஃபிள், அந்தக் காலத்தில் அந்த மாதிரிக்கெல்லாம் நம்பர் போடுவதில்லை. நான் சிரித்தேன் ஜோலீன். நம்பரே இல்லாததை எந்தக் கட்டத்தில் எழுதுவது, அதைப் போய் எவன் திருடப்போகிறான் என்று கேட்டேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். க்ளே போய் அப்போது மூன்று குளிர்காலம் ஆகியிருந்தது. பனிச்சாலையில் மரலாரி சறுக்கிய அந்த நாளிலிருந்து அவன் அறையில் ஒரு சாமானையும் அவள் நகர்த்தவிட்டதில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன் பார், அதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

செப்டம்பரில் தீயணைப்பு நிலையத்துக் கோழி விருந்துக்கு நாங்கள் போயிருந்த பட்டப்பகலில் கதவை உடைத்து வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். துப்பாக்கிகள் இருந்த இரும்புப் பெட்டியைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கச் சொல்லி ஹோமர் தலைபாடாக அடித்துக்கொண்டார், நான்தான் நாளைக்கு நாளைக்கு என்று இருந்துவிட்டேன். போகிற போக்கில் க்ளேயின் அறையிலிருந்ததையும் எடுத்துக்கொண்டார்கள். என் பதினொன்றின் நம்பர்களையும் ஷெரிஃப் ஆபீஸில் அன்றைக்கே நாடு முழுக்கத் தேடும் பட்டியலில் ஏற்றினார்கள், ஹோமரும் ஓடியாடி எல்லாம் செய்தார். பன்னிரண்டாவதைப் பற்றிக் கேட்டபோது, பழுப்புக் கட்டை, ஒற்றைத் தோட்டா என்பதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் காலையில், "க்ளேயோடது கெடைச்சுதாமா?" இது ஒன்றுதான்.

மூன்று வாரம் கழித்து அடுத்த கவுன்ட்டியில் ஒரு தொழுவத்தில் திருட்டுத் துப்பாக்கிகள் ஒரு குவியலே பிடிபட்டது. நம்பர் ஒத்துப்போய் ஒன்பது திரும்பி வந்தன, இரண்டுக்கு இன்சூரன்ஸ் பணம் கொடுத்துவிட்டது. அப்புறம் ஷெரிஃப் ஆபீஸுக்கு வரச்சொல்லி டெபுடி லைல் கூப்பிட்டான், க்ளேயோடு பள்ளியில் படித்த பையன், உனக்கும் தெரியும். அம்மாவும் வந்தாள், ஆனால் காரைவிட்டு இறங்கவில்லை. க்ளே போன சேதியை அந்தக் கட்டடத்தில்தானே அவளிடம் சொன்னார்கள். உள்ளே நீளமேஜையில் மூன்று பாயின்ட் டூ டூ. மூன்றும் ஒரே கடைச் சரக்கு, மூன்றும் பழுப்பு, எதிலும் நம்பர் இல்லை. லைல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எதுன்னு நீங்க சொன்னாப் போதும் சார், கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க" என்றான். நான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். திருப்பினேன். வெளிச்சத்தில் பிடித்தேன். எனக்குத் தெரியவில்லை ஜோலீன். பத்து வயதில் அவன் கையில் அதைக் கொடுத்தவன் நான். வேலியில் தகர டப்பாவை வரிசையாக வைத்து உங்கள் இரண்டு பேருக்கும் குறிபார்க்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதில் எங்கே கீறல் என்று ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை.

ஜன்னல் வழியாக அம்மா கார்க் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னையே பார்ப்பது தெரிந்தது. நடுவில் இருந்ததை எடுத்து, இதுதான் என்றேன். கையெழுத்துப் போட்டேன். மற்ற இரண்டும் என்னவாகும் என்று கேட்டதற்கு, ஆறு மாதத்தில் ஆள் வராவிட்டால் உருக்கிவிடுவோம் என்று சொன்னான். காரில் அவள் அதை மடியில் போட்டு, தன் கோட்டால் மூடி, கட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் வந்த பிறகு, "அவன் வாசம் அடிக்குது வெர்ன்" என்றாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன், வேறென்ன செய்வேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனுடையது அந்த மேஜையிலேயே கிடக்கிறதோ, உருக்க அனுப்பப்போவது அதைத்தானோ, நான் தூக்கிவந்தது வேறு எவன் பிள்ளையுடையதோ.

இப்போது ஹோமரிடம் சொல்லி அதையும் இன்சூரன்ஸில் சேர்க்கச் சொல்கிறாள் உன் அம்மா. நம்பர் இல்லாவிட்டால் ஏதாவது ஓர் அடையாளம் எழுதினால் போதுமாம். அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. நீ அண்ணனோடு அணில் வேட்டைக்கு அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள், உனக்கு ஒரு கீறலோ தேய்மானமோ நினைவிருக்குமே, இருந்தால் நான் போய் மாற்றிவிடலாமே என்று கேட்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன். பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். அம்மா அதை மேஜையில் வைத்து எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள், வாய்க்குள் ஏதோ பேசிக்கொண்டு. நாலு வருஷமாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அதனால் கேட்கவில்லை மகளே. நினைவிருந்தாலும் எனக்கு எழுதாதே.

குளிர் ஏறுவதற்குள் உடம்பைக் கவனித்துக்கொள், ராத்திரி டூட்டி முடிந்து வெறும் காபியோடு படுக்காதே. கடவுள் உன்னைத் தன் கைக்குள்ளேயே வைத்துக் காக்கட்டும், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு அம்மா உனக்கு அதைப் படம்பிடித்து அனுப்பப்போகிறாள். பார்த்ததும் இதுதான் என்று சொல்லிவிடு. உற்றுப் பார்க்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா வெர்ன்