நெஞ்சிலிருந்து எழுந்த கைகள்

ஆவணி 14, வியாழன், இரவு.

மலைக்குச் சாலை கேட்டு இன்று நண்பகல் மேடையில் பேசிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கி கட்டிய குப்பன் மேடையருகே சரிந்து விழுந்தார். மூச்சில்லை. சென்ற மாதம் போளூர் முதலுதவிப் பயிற்சியில் கற்றபடி மண்டியிட்டு, அவர் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்கினேன்.

கூட்டம் நெருக்கியது. "விலகி நில்லுங்கள்!" என்று முழங்கினேன். முழங்கியதும் மேடை வழக்கப்படி என் கைகள் வானுக்கு உயர்ந்துவிட்டன. கூட்டத்துக்கு வந்திருந்து, மருத்துவ ஊர்திக்குத் தொலைபேசியில் வழி சொல்லிக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர் கத்தினார்: "அய்யா, கைய எடுக்காதீங்க! அமுக்குங்க!"

அழுத்தினேன். ஒருவன் அவர் வாயில் தண்ணீர் ஊற்ற வந்தான். தடுத்துப் பேசினேன், மீண்டும் கைகள் உயர்ந்தன. மூன்றாம் முறையும் கைகள் எழுந்ததும் செவிலியர் என்னைத் தள்ளிவிட்டுத் தாமே அமர்ந்தார்.

"நீங்க பேசிக்கினே இருந்தா மூளைக்கு ரத்தம் எப்பிடிங்க போவும்? கம்முனு நான் அமுக்கறத எண்ணுங்க!"

நாற்பதாண்டுகளில் என்னை எவரும் இப்படி அடக்கியதில்லை. எண்ணினேன்.

துடிப்பு திரும்பியது. நினைவு இன்னும் திரும்பவில்லை.

சற்றுமுன் குப்பனின் மனைவி போளூர் மருத்துவமனையிலிருந்து அழைத்தார். "மொத ஆளா கை வச்சது நீங்கதானாமே அய்யா. உங்க புண்ணியத்துலதான் உசுரு கீது. கண்ணுதான் தொறக்கல."

காலையில் வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

விடிந்ததும் போளூருக்குப் போகிறேன். என் கைகள் மூன்று முறை அவர் நெஞ்சை விட்டு எழுந்ததை அந்த அம்மாவிடம் சொல்லியே ஆகவேண்டும். சொல்லும்போது இந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வேன்?